நெல்லையில் ஓஎல்இடி கேமிங் மானிட்டர்: வாங்குவது முதல் வாழவைப்பது வரை

ஓஎல்இடி மானிட்டர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லது?" என்றுதான். நெல்லைச் சீமையில் இருக்கிறவர்கள் அதற்கு முன்னால் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. மானிட்டர் வைக்கப்போகும் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது? அந்த அறையின் பிளக் பாயிண்ட்டை இரவில் யார் அணைக்கிறார்கள்? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் எந்தப் பேனல், எந்த அளவு, எவ்வளவு செலவு என்பதில் பாதி முடிவாகிவிடும். இணையத்தில் வரும் விமர்சனக் காணொளிகள் பெரும்பாலும் இருட்டடித்த அறையில், குளிர்ந்த ஊரில், மின்தடை பற்றிக் கவலையில்லாத இடத்தில் எடுக்கப்பட்டவை. அவர்கள் சொல்லும் எண்கள் சரியானவைதான். ஆனால் பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலும் அம்பாசமுத்திரத்திலும் அந்தத் திரை எத்தனை வருடம் நன்றாக இருக்கும் என்பதை நம் அறையும் நம் மின்சாரமும்தான் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டி அறையிலிருந்து தொடங்குகிறது.

வாங்கப்போவது என்ன பொருள்

சாதாரண எல்சிடி திரைக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த ஒளியைத் தேவைக்கேற்ப மறைக்கும். முழுவதுமாக மறைக்க அதனால் முடியாது; இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாகத் தெரிவது அதனால்தான். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். 1987இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் மெல்லிய கரிமப் படலங்களிலிருந்து குறைந்த மின்னழுத்தத்தில் நல்ல ஒளியைப் பெற்றுக் காட்டினார்கள். அங்கே தொடங்கியது இது. தொலைக்காட்சியாகவும் கைப்பேசியாகவும் வெகுகாலம் இருந்த தொழில்நுட்பம், கேமிங் மானிட்டராகப் பரவலாகப் பேசப்பட்டது 2022இல் டெல் நிறுவனத்தின் 34 அங்குல ஏலியன்வேர் வந்த பிறகுதான்.

விளையாடுகிறவருக்கு இதில் இரண்டு லாபம். ஒன்று, கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. குகைக்குள் தீப்பந்தம் பிடித்து நடக்கும் காட்சியில் தீ மட்டும் எரியும், சுற்றிலும் இருள் இருளாகவே இருக்கும். இன்னொன்று அசைவு. புள்ளியின் நிறம் மாறும் நேரம் 0.03 மில்லிவிநாடி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். எல்சிடியில் ஒரு வகையான ஐபிஎஸ் திரை, நல்லதாகவே இருந்தாலும், இதற்குச் சில மில்லிவிநாடிகள் எடுக்கும். 240 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 240 படங்கள் காட்டும் திரையில், ஒவ்வொரு படமும் 4.17 மில்லிவிநாடிதான் திரையில் நிற்கும், 60 ஹெர்ட்ஸில் 16.67. இந்த இரண்டும் சேரும்போது ஓடுகிற எதிரியின் உருவம் இழுபடாமல் கூர்மையாகத் தெரிகிறது. ஒருமுறை பார்த்துவிட்டால் பழைய திரைக்குத் திரும்ப மனம் வராது, உண்மையாகவே சொல்கிறேன்.

குறையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. எரிகிற கரிமப் பொருள் எரிய எரியத் தேயும். நீலம் மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் தேயும். ஒரே படம் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்றால் அந்தப் புள்ளிகள் மட்டும் முந்தித் தேய்ந்து, அந்தப் படத்தின் நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடும். இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். சூடும் அதிக வெளிச்சமும் இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்தும்.

படி 1: அறையை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்போது வைத்திருக்கும் மானிட்டரை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காருங்கள். கறுத்த திரையில் என்ன தெரிகிறது? ஜன்னல் கம்பி தெரிகிறதா, டியூப் லைட் தெரிகிறதா, நீங்கள் போட்டிருக்கும் வெள்ளை பனியன் தெரிகிறதா? காலை பத்து, பிற்பகல் மூன்று, இரவு எட்டு என மூன்று வேளையும் பாருங்கள். அணைந்த திரையில் தெரிவதெல்லாம் ஓஎல்இடியின் இருட்டுக் காட்சியிலும் தெரியும். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் மேசையைத் திருப்பிப் போட முடியுமா என்று முதலில் யோசியுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. கனமான திரைச்சீலைக்கு ஆகும் செலவு மானிட்டர் விலையில் மிகச் சிறிய பங்கு; அது தரும் பலன் அடுத்த மாடலுக்குத் தாவுவதைவிடப் பெரிது.

அடுத்தது சூடு. பெரும்பாலான மானிட்டர்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்றிருக்கும். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்கு வெயில் விழும் சுவரோடு இருக்கும் மாடி அறையில் மாலை ஐந்து மணிக்கு நிலைமை இன்னும் மோசம். அதோடு விளையாடும்போது கம்ப்யூட்டரே 400, 500 வாட் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அந்த அறையில் ஏசி இல்லை, வேறு அறையும் இல்லை என்றால், ஏப்ரல், மே மாதங்களில் இரவில் மட்டும் விளையாடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரை மேற்குச் சுவரில் மாட்ட வேண்டாம். பின்புறத் துளைகளுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

படி 2: அறைக்கேற்ற பேனல்

கடையில் கிடைக்கும் ஓஎல்இடி மானிட்டர்களில் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் இரண்டே குடும்பங்களைச் சேர்ந்தது. எல்ஜி டிஸ்ப்ளே செய்யும் டபிள்யூ-ஓஎல்இடி ஒன்று. சாம்சங் டிஸ்ப்ளே செய்யும் க்யூடி-ஓஎல்இடி மற்றொன்று. முதலாவதில் வெள்ளை ஒளி நிற வடிகட்டிகளின் வழியே வருகிறது. இரண்டாவதில் நீல ஒளி குவாண்டம் டாட் படலத்தில் பட்டு, சிவப்பாகவும் பச்சையாகவும் மாறுகிறது. வாங்குகிறவருக்கு இதன் பொருள்: க்யூடி-ஓஎல்இடியில் வெளிச்சமான காட்சிகளிலும் நிறம் வெளுக்காமல் செழிப்பாக நிற்கும். ஆனால் வெளி வெளிச்சம் திரும்பி வராமல் தடுக்கும் போலரைசர் படலம் அதில் இல்லாததால் அறை வெளிச்சம் திரையில் பட்டவுடன் கறுப்பு, கருஞ்சாம்பலாகி லேசாக ஊதாவும் கலந்து தெரியும். டபிள்யூ-ஓஎல்இடி பகல் வெளிச்சத்திலும் கறுப்பைக் காப்பாற்றும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பகலிலும் விளையாடுகிறவர், முற்றத்து வெளிச்சமோ பெரிய ஜன்னலோ உள்ள கூடத்தில் வைக்கிறவர் என்றால் மேட் (பளபளக்காத) பூச்சுள்ள டபிள்யூ-ஓஎல்இடி. வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு மேல், திரைச்சீலை போட்ட அறையில் விளையாடுகிறவர் என்றால் க்யூடி-ஓஎல்இடி. கதையோடு நகரும் விளையாட்டுகளில் அதன் நிறத்துக்கு ஈடில்லை. க்யூடி-ஓஎல்இடியின் மேல்பூச்சு எளிதில் கீறல் விழக்கூடியது. சின்னக் குழந்தைகள் ஓடியாடும் வீடு என்றால் இதையும் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது வகை வாசகர் ஒருவர் உண்டு: காலை முதல் மாலை வரை அதே மானிட்டரில் எக்செல், டாலி, கோடிங் என்று அலுவலக வேலை, இரவில் ஒரு மணி நேரம் விளையாட்டு. அவருக்கு ஓஎல்இடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாள் முழுவதும் அசையாத கோடுகளும் வெள்ளைப் பின்னணியும் இந்தத் திரைக்குப் பகை. முழுத்திரையும் வெள்ளையானால் பெரும்பாலான ஓஎல்இடி மானிட்டர்கள் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நின்றுவிடும். நெல்லைப் பகல் வெளிச்சத்துக்கு அது போதாது. அவர் நல்ல மினி எல்இடி மானிட்டர் (பின்னால் நிறையச் சின்ன விளக்குகள் உள்ள எல்சிடி) ஒன்றைப் பார்க்கலாம். அல்லது பழைய மானிட்டரை வேலைக்கென்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஓஎல்இடியை விளையாட்டுக்கு மட்டும் ஒதுக்கலாம்.

படி 3: அளவும் தமிழ் எழுத்தும்

27 அங்குல 1440பி, 27 அங்குல 4கே, 32 அங்குல 4கே, 34 அங்குல அகலத்திரை. இந்த நான்கில்தான் பெரும்பாலானோர் தேர்வு முடியும். 1440பி, 4கே என்பவை திரையில் எத்தனை புள்ளிகள் என்பதைச் சொல்பவை; 4கேயில் புள்ளிகள் அதிகம். மேசை ஆழம் இரண்டடி என்றால் 27 போதும். 32 அங்குலத்துக்கு இரண்டரை அடி இருந்தால் கழுத்து வலிக்காது.

இங்கே தமிழ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஓஎல்இடி திரைகளில், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்புள்ளிகள் எல்சிடியைப் போல வரிசையாக அமைவதில்லை. க்யூடி-ஓஎல்இடியில் அவை பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும். அதனால் கறுப்பு வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் மேலே பச்சையும் கீழே இளஞ்சிவப்புமாக நூலிழை போல நிறம் கசியும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழில் இது கூடுதலாகக் கண்ணில் படும். 'ண'கரத்தின் சுழிகளையும் மெய்யெழுத்தின் மேல் நிற்கும் புள்ளியையும் பாருங்கள். 27 அங்குல 1440பி திரையில் அங்குலத்துக்குச் சுமார் 110 புள்ளிகள்தான். செய்தி வாசிக்கும் சாதாரண எழுத்தளவில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு திரைப்புள்ளிதான் (பிக்சல்). அதன் ஓரத்தில் நிறம் கசிந்தால் எழுத்தே மங்கியதுபோல் இருக்கும். 32 அங்குல 4கேயில் சுமார் 140 புள்ளிகள், 27 அங்குல 4கேயில் 160க்கு மேல். அந்த அடர்த்தியில் இது பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரியாது. தமிழில் நிறையப் படிப்பவர், எழுதுகிறவர் என்றால் பணம் கொஞ்சம் கூடினாலும் 4கேக்குப் போங்கள். விளையாட்டு மட்டும்தான் என்றால் 1440பி தாராளம்.

படி 4: மானிட்டரை ஓட்டக்கூடிய கம்ப்யூட்டர்

240 ஹெர்ட்ஸ் 4கே திரையை வாங்கி, நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டோடு சேர்த்தால் பாதிப் பணம் வீண். புதிய பெரிய விளையாட்டுகளை 4கேயில் நல்ல வேகத்தில் ஓட்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4080, 5080 தரம் வேண்டும். அதற்குக் கீழே இருக்கிறவர்களுக்கு 1440பிதான் சரியான ஜோடி. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவருக்கு 4கே 120 ஹெர்ட்ஸ்தான் உச்சம். அவர் 240க்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஹெச்டிஎம்ஐ 2.1 துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கேபிள் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். 4கே, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் நிறம் என்றால் விநாடிக்கு 60 கிகாபிட்டுக்கு மேல் தரவு ஓட வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தாங்குவது சுமார் 26 கிகாபிட்தான். டிஎஸ்சி என்ற சுருக்க முறை மீதியைச் சமாளிக்கிறது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மட்டமான கேபிளில் திரை விட்டுவிட்டுக் கறுக்கும். பெட்டியோடு வரும் கேபிளையே பயன்படுத்துங்கள்.

படி 5: பணமும் பில்லும்

27 அங்குல 1440பி ஓஎல்இடி நம் நாட்டில் ஏறக்குறைய 50,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. 32 அங்குல 4கே ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால் 34 அங்குல அகலத்திரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளில் ஓஎல்இடி மானிட்டரை ஓடவிட்டுக் காட்டுவது அரிது. ஆனால் பெரிய டிவி ஷோரூம்களில் இரண்டு வகைப் பேனல்களிலும் டிவி இருக்கும். ஷோரூமின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே இரண்டின் கறுப்பும் எப்படி இருக்கிறது என்று அங்கே போய்ப் பாருங்கள். படி 2இல் சொன்னது உடனே விளங்கும்.

வாங்கும் முன் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தியாவில் இந்த மாடலுக்குப் பர்ன்-இன் உத்தரவாதத்தில் அடங்குமா, எத்தனை வருடம்? உங்கள் பின்கோடுக்கு, உதாரணமாக 627002க்கு, வீட்டுக்கு வந்து எடுத்துச்சென்று பழுது பார்ப்பார்களா, அல்லது மதுரைக்கோ சென்னைக்கோ நீங்களே கொண்டுபோக வேண்டுமா? வெளிநாட்டில் மூன்று வருடப் பர்ன்-இன் உத்தரவாதம் தரும் கம்பெனி இங்கேயும் அதையே தரும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பதில் சுற்றிவளைத்து வந்தால் வேறு மாடல் பாருங்கள். ஐந்தாயிரம் கூடினாலும் பர்ன்-இன் என்ற சொல் எழுத்தில் இருக்கும் உத்தரவாதத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மச்சானிடம் சொல்லிவிட்டால் மலிவாக வந்துவிடும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. கைப்பேசிக்கு அது சரியாக இருக்கலாம். அங்கே வாங்கிய மானிட்டருக்கு இங்கே சேவை பெரும்பாலும் கிடைக்காது. விமான நிலையத்தில் சுங்கவரியும் போடுவார்கள். தேயக்கூடிய பொருளை உத்தரவாதம் இல்லாமல் வாங்க வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி ரயிலில் கொண்டுவருகிறவர்கள் பெட்டியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். மேல் பெர்த்தில் படுக்கவைத்து, மேலே பையையும் அடுக்கிவிடக் கூடாது.

படி 6: பெட்டி வீட்டுக்கு வந்த அன்று

ஒட்டிய டேப்பை வெட்டும் முன்பே கைப்பேசியில் காணொளி ஓடட்டும். பெட்டியின் ஆறு பக்கங்களும், மூலை நசுங்கல்களும், வரிசை எண்ணும் அதில் பதிய வேண்டும். திரை மிக மெல்லியது. கண்ணாடிப் பரப்பில் விரல் அழுந்தாமல் ஓரங்களையும் கீழ்ப்பகுதியையும் பிடித்துத் தூக்குங்கள். தாங்கியைத் திரைக்கு மாட்டும்வரை அதைத் தெர்மாகோலிலேயே கிடத்தி வையுங்கள்.

அன்றிரவு அறையை இருட்டாக்கிவிட்டு, முழுத்திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அணைந்த புள்ளி, அணையாத புள்ளி இரண்டும் இதில் அகப்படும். பிறகு 5 சதவீதச் சாம்பல் நிறத்தை வைத்துப் பாருங்கள். டபிள்யூ-ஓஎல்இடியில் செங்குத்தாக மெல்லிய கோடுகள் தெரியலாம். லேசாக இருந்தால் கலங்க வேண்டாம். சில நாள் ஓடி, திரை தன்னைச் சரிசெய்துகொண்ட பிறகு பெரும்பாலும் குறையும். விளையாட்டிலேயே கண்ணை உறுத்தும் அளவுக்குப் பட்டை தெரிந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன்பே முடிவெடுங்கள். இந்தச் சாம்பல் திரையை ஒரு படம் எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 7: மின்சாரம், இந்த வழிகாட்டியின் உயிர்நாடி

ஓஎல்இடி மானிட்டர் தன் தேய்மானத்தைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். பிக்சல் ரெஃப்ரெஷ் என்பது அதன் பெயர். பல மாடல்களில் சுமார் நான்கு மணி நேரம் ஓடியதும், அடுத்த முறை திரை உறங்கும்போது இது தொடங்கிச் சில நிமிடங்கள் நடக்கும். ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் ஓடிய பிறகு நீண்ட ஒரு சுற்று வரும். இவை எல்லாம் நடப்பது மானிட்டர் அணைந்தது போலத் தெரியும் நேரத்தில். சுவரில் மின்சாரம் இருந்தால்தான் நடக்கும்.

நம் வீடுகளில் இரவு பத்தரைக்கு என்ன நடக்கிறது? வாசல் கதவைத் தாழிட்டு, கேஸை மூடிவிட்டு, அம்மா ஒவ்வொரு அறையாக வந்து எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். மின்கட்டணத்துக்கும் பாதுகாப்புக்கும் அவர் காட்டும் அக்கறை அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மானிட்டரின் பிளக்கும் அதோடு அணைந்தால், அன்றைய தேய்மானத்தைச் சரிசெய்யும் சுற்று நடக்காமலே போகிறது. தினமும் இப்படியே போனால் வருடங்களில் வர வேண்டிய நிழல் மாதங்களில் வரலாம். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கமாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சுவிட்சின் மேல் "அணைக்க வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் ஒட்டி வையுங்கள். உறக்க நிலையில் மானிட்டர் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. முழுதாக ஓடும்போதும் 80 வாட் என்று வைத்தால், நாளைக்கு ஐந்து மணி நேரம் விளையாடினாலும் இரண்டு மாத பில்லில் சேர்வது 24 யூனிட்தான்.

மின்தடைக்கும் ஏற்பாடு வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மதியம் வரை நிறுத்துவது செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடும், அதில் ஆபத்தில்லை. சொல்லாமல் போய்ச் சொல்லாமல் திரும்பும் மின்சாரமும், ஏறி இறங்கும் வோல்டேஜும்தான் ஆபத்து. நல்ல எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கும். கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டையும் தாங்கும் யுபிஎஸ் வாங்க முடிந்தால் நல்லது. 1000 விஏக்கு (யுபிஎஸ் தாங்கும் திறனின் அலகு) மேல், சைன் வேவ் (சுவர் மின்சாரம் போலச் சீரான அலை தரும்) வகையாகப் பாருங்கள். அதற்கு வசதியில்லை என்றால் சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஒன்றில் மானிட்டரை மட்டுமாவது மாட்டுங்கள். கம்ப்யூட்டர் அணைந்துபோனாலும் மானிட்டர் தன் வேலையை முடித்துக்கொள்ளும். சுற்று நடுவில் நின்றுபோனாலும் பதற வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அடுத்த உறக்கத்தில் மீண்டும் ஓடும்.

வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் அது ஸ்கொயர் வேவா, சைன் வேவா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் கம்ப்யூட்டரை அதில் மாட்ட வேண்டாம். சைன் வேவ் என்றால் பெரும்பாலும் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் பொத்தான் இருக்கும். அதை மாற்றினால்தான் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் மின்சாரம் மாறும்.

படி 8: செட்டிங்

முதலில் ஃபர்ம்வேரை (மானிட்டருக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள். டாஸ்க்பார் தானாக மறையட்டும், வால்பேப்பர் கறுப்பாகவோ இருண்டதாகவோ இருக்கட்டும், மூன்று நிமிடம் தொடாவிட்டால் திரை அணையட்டும். படத்தை அவ்வப்போது சில புள்ளிகள் நகர்த்தும் பிக்சல் ஷிஃப்ட் எப்போதும் ஓடட்டும். வெளிச்சத்தைக் கண்ணுக்குப் போதுமான அளவில் நிறுத்துங்கள். இரவில் 40 சதவீதத்தைச் சுற்றியே போதும்.

வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் ஹெச்டிஆரை விளையாட்டுக்கும் படத்துக்கும் மட்டும் போடுங்கள். விண்டோஸ் ஹெச்டிஆர் கேலிப்ரேஷன் என்ற இலவசச் செயலியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பல க்யூடி-ஓஎல்இடி மாடல்களில் ட்ரூ பிளாக் 400, பீக் 1000 என்று இரண்டு நிலைகள் இருக்கும். 1000 என்ற எண்ணைப் பார்த்து அதையே எப்போதும் வைக்கத் தோன்றும். அந்த 1000 நிட்ஸ் திரையின் மிகச்சிறு பகுதிக்குத்தான் கிடைக்கும். வெயிலடிக்கும் வெட்டவெளிக் காட்சியில் முழுத்திரையும் மங்கிவிடும். இருண்ட கதை விளையாட்டுக்கு 1000, மற்றவற்றுக்கு ட்ரூ பிளாக் 400 என்று வைத்துக்கொள்வது நல்லது.

இருட்டுக் காட்சிகளில் திரை படபடவென்று மினுக்கினால் திரை கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். விஆர்ஆர் (கம்ப்யூட்டர் படம் அனுப்பும் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் முறை) ஓடும்போது அந்த ஃபிரேம் வேகம் கூடிக் குறைந்தால் ஓஎல்இடியில் இது வரும். ஃபிரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு கட்டி ஒரே சீராக ஓடவிடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அந்த விளையாட்டுக்கு மட்டும் விஆர்ஆரை நிறுத்துங்கள்.

படி 9: தினசரிப் பழக்கமும் பருவமும்

மூலையில் நிற்கும் வரைபடம், உயிர்க்கோடு, தோட்டா எண்ணிக்கை இவைதான் திரையைத் தேய்க்கும். வேலோரன்ட் போன்ற ஒரே விளையாட்டை மாதக்கணக்கில் நாளும் ஐந்து மணி நேரம் ஆடுகிறவர், இடையிடையே வேறு விளையாட்டுக்கோ படத்துக்கோ மாற வேண்டும். அசையாமல் நிற்கும் இந்தக் குறிகளை மங்கலாக்க வழி இருந்தால் மங்கலாக்குங்கள். டெஸ்ட் கிரிக்கெட்டை நாள் முழுக்க இதில் ஓடவிடாதீர்கள். கீழே நிற்கும் ஸ்கோர் பட்டையும் சேனல் முத்திரையும் ஐந்து நாளும் அசையாது. அதற்குக் கூடத்து டிவி இருக்கிறது.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கத்து வீடுகளுக்குள் மணலையே கொண்டுவந்து கொட்டும். அந்த மாதங்களில் விளையாடாத நேரத்தில் மெல்லிய பருத்தித் துணியால் மூடி வையுங்கள். மானிட்டர் சூடாக இருக்கும்போது மூட வேண்டாம். திரையில் படிந்த மணலைத் துணியால் நேரடியாகத் தேய்த்தால் கீறல் நிச்சயம். முதலில் காற்றூதியால் ஊதித் தள்ளுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து, அணைந்து ஆறிய திரையை அழுத்தாமல் துடையுங்கள். சானிடைசர், கண்ணாடி துடைக்கும் நீர்மம் எதுவும் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குழாயில் வரும்போது உப்புத் தடம் விடும், அதுவும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு ஈசல் வரும். இருட்டறையில் எரியும் ஒரே பொருள் உங்கள் திரை என்றால் எல்லாம் அதில்தான் மோதும். கையால் நசுக்கினால் கறையும் கீறலும் மிஞ்சும். திரையை அணைத்து, வேறு விளக்கு ஒன்றைப் போட்டால் தானாகப் போய்விடும். இடி முழங்கும் நேரத்தில் மட்டும் அந்த "அணைக்க வேண்டாம்" சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். மின்னல் போன பிறகு மாட்டிக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தைக் கண்ட ஆற்றங்கரைப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தரைத்தள வீடு என்றால் கம்ப்யூட்டரும் யுபிஎஸ்ஸும் தரையில் இருக்கக் கூடாது.

ஆயுத பூஜையன்று மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கத்தான் செய்வோம். தாங்கியின் அடிப்பாகத்தில் வையுங்கள். திரையில் வைத்த சந்தனம் காய்ந்தபின் அதைச் சுரண்டும் நகமும் துணியும் மேல்பூச்சைக் கொண்டுபோய்விடும். சாம்பிராணிப் புகையும் பின்புறத் துளைகளுக்கு நேராக வேண்டாம்.

படி 10: ஆறு மாதத்துக்கு ஒருமுறை

முதல் நாள் எடுத்த சாம்பல் படம் இருக்கிறதல்லவா? அதே அறையில், அதே வெளிச்ச அளவில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீதம், 50 சதவீதம் என இரண்டு சாம்பல் நிறங்களை வைத்து மீண்டும் படமெடுங்கள். டாஸ்க்பார் இருந்த இடத்தில் பட்டையோ, விளையாட்டு வரைபடத்தின் விளிம்போ தெரிகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் பிக்சல் ரெஃப்ரெஷை மெனுவிலிருந்து ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். தற்காலிகமாகத் தங்கிய நிழல் என்றால் அதில் போய்விடும். நீண்ட சுற்றை அடிக்கடி ஓட்ட வேண்டாம், அதுவும் திரையைத் தேய்க்கும்.

போகாத நிழல் என்றால் உத்தரவாதம் முடிய இரண்டு மாதமாவது இருக்கும்போதே புகாரைப் பதிவுசெய்யுங்கள். பில், பெட்டி திறந்த காணொளி, தேதியிட்ட சாம்பல் படங்கள், பர்ன்-இன் பற்றிக் கம்பெனி எழுதிய மின்னஞ்சல் நான்கையும் ஒரே கோப்பில் வைத்து அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் புகார் எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதுரைக்கு அனுப்ப வேண்டி வந்தால் பழைய பெட்டியும் தெர்மாகோலும் இல்லாமல் அனுப்ப முடியாது. அதனால் உத்தரவாதக் காலம் முடியும்வரை அந்தப் பெட்டியைப் பரண்மேல் பத்திரமாக வைத்திருங்கள்.